உண்மை நகல்

பிப்ரவரி 3, திங்கள்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கிறது. வேதியியல் ஆய்வகத்துக்கு பியூரெட் இருபது வேண்டும், இருப்பது பன்னிரண்டு. டிசம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டிய வேதியியல் டீச்சர் புண்ணியவதி, இன்று காலை வணக்கக் கூட்டத்தில் காதோரம் வந்து சொல்கிறாள். தலைமையாசிரியை என்றால் கண்ணாடிக் குழாயும் பெற்றுப் போடுவாள் என்று நினைப்பு.

11.20க்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன். இவர் மொட்டை மாடியில் விழுந்துகிடக்கிறாராம். தண்ணீர்த் தொட்டியில் மிதவை சரியில்லை என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தது நான்தான்.

திண்டுக்கல்லில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மூளைக்குள் ரத்தக்கசிவு. வாயில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். ஐ.சி.யூ. வாசலில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார முடியவில்லை.

பியூரெட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் கேட்கச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கண் திறக்கவில்லை. அவர் விழுந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டி வழிந்து தெருவுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் பக்கத்து வீட்டில் மாடியேறிப் பார்த்தார்களாம்.

பிப்ரவரி 6, வியாழன்

காலை பதினொன்றுக்குப் பதினைந்து நிமிஷம், மாலை ஐந்துக்குப் பதினைந்து நிமிஷம். அவ்வளவுதான் பார்க்க விடுவார்கள். நடுவில் ஆறு மணி நேரம் நான் அந்த வராந்தாவில் நடக்கிறேன். நர்ஸ் ஒருத்தி, "உக்காருங்கம்மா, தலை சுத்துது" என்றாள். தலை சுற்றுவது அவளுக்கு.

இவர் வேலை பார்த்ததே இந்த மிஷின்களோடுதான். முப்பத்திரண்டு வருஷம், ஒரு கம்பெனியின் சர்வீஸ் ஆளாக, ஊர் ஊராகப் போய் வென்டிலேட்டர் பழுது பார்த்தார். சில நாள் வீட்டுக்கே பாகங்களைக் கொண்டுவருவார். மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் தேவையில்லை, ஒரு ரப்பர் பை இருக்கிறது. குழாய் முனையில் மாட்டிவிட்டால் பை மூச்சு விடும். உள்ளே போகும், வெளியே வரும். எங்கள் மகள் சுகந்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதற்குப் பொட்டு வைத்து விளையாடுவாள்.

இன்று இவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையை நினைக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்துவிட்டேன்.

பியூரெட் ஆறு வந்துவிட்டது. இரண்டு குறைகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

டாக்டர் ஜெயசீலன் இன்று உட்கார வைத்துப் பேசினார். முப்பத்தைந்து வயது இருக்கும். சுற்றி வளைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. மூளைத்தண்டு வரை சேதமாம். மூளைச்சாவு இல்லை. ஆனால் நினைவு திரும்ப வாய்ப்பில்லை. இப்படியே வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட வைத்திருக்கலாம். கழுத்தில் துளை போட வேண்டியிருக்கும்.

"போடுங்க" என்றேன்.

அப்போதுதான் சுகந்தி கைப்பையைத் திறந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள், ஐந்து நாளாக என்னிடம் மூச்சு விடவில்லை. பழுப்பு நிறக் கவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இவர் அவளிடம் கொடுத்து, "எனக்கு ஏதாவது ஆனா மட்டும் பிரி" என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு பக்கம், இவர் கையெழுத்தில். படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

"எனக்கு நினைவு திரும்பாது என்று டாக்டர்கள் முடிவாகச் சொன்னால் என்னை வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம். வைத்திருந்தால் எடுத்துவிடவும். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். ரப்பர் பை மூச்சு விடுவதை முப்பத்திரண்டு வருஷம் பார்த்தவன் நான். அதை யாரும் உயிர் என்று சொன்னதில்லை. இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை என் மகள் சுகந்திக்குக் கொடுக்கிறேன்."

கீழே "சிகாமணி" என்று இவர் கையெழுத்து. இரண்டு சாட்சிகள்: கூட வேலை பார்த்த பிலவேந்திரன், பிலவேந்திரனின் மைத்துனர். அதற்கும் கீழே பச்சை மையில் என் கையெழுத்து, என் முத்திரை, ஜூன் 12 என்று தேதி.

"இது நீங்களா மேடம்?" என்று கேட்டார் டாக்டர்.

அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை கெஜட்டட் ஆபீசர். பச்சை மையில் சான்றொப்பம் போடலாம். தானே கையெழுத்திட்டுக்கொண்டால் போதும் என்று அரசாங்கம் சொல்லி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஜனங்கள் கேட்பதில்லை. பச்சையைப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். ஜூன் மாதம் அட்மிஷன் நேரத்தில் என் மேசையில் ஒரு நாளைக்கு முன்னூறு தாள் விழும்.

"முன்னூறோட ஒண்ணா வந்திருக்கும் டாக்டர். படிச்சா போட முடியும்?" என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

"மேடம், இதுல 'உண்மை நகல்'னு சீல் இருக்கு. அப்ப இது காப்பி. அசல் எங்க?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

டாக்டர் விளக்கினார். "நோட்டரி இல்ல கெஜட்டட் ஆபீசர் சான்று போட்ட அசலாத்தான் இருக்கணும். அப்படி இந்தப் பேப்பர் செல்லும்னா இது சாரோட முடிவு மேடம். இங்க ஒரு டாக்டர் குழு பாக்கும். அப்புறம் மாவட்டத்துலருந்து ஒருத்தர் வர்ற ரெண்டாவது குழு பாக்கும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் குடுத்துட்டு செய்வோம். செல்லாதுன்னா குடும்பம் சேந்து முடிவு சொல்லணும். மனைவி வேணாம்னா நாங்க தொடவே மாட்டோம்."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் காதில் நின்றது. திண்டுக்கல் பஸ்ஸில் வாடிப்பட்டி வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

சுகந்தி வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். அசலைத் தேடுகிறாள். பீரோ, பரண், இவருடைய டூல்ஸ் பெட்டி, எல்.ஐ.சி. ஃபைல், கல்யாணப் பத்திரிகைக் கட்டு. நானும் கூடச் சேர்ந்து தேடினேன். பரணிலிருந்து பித்தளைக் குத்துவிளக்கு கிடைத்தது, அதைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று இருக்கிறது.

செய்முறைத் தேர்வு முடியப்போகிறது. மேற்பார்வைக்கு வந்த வெளிப் பள்ளிக்காரர் டீ சரியில்லை என்றாராம். வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே.

பிப்ரவரி 14, வெள்ளி

கழுத்தில் துளை போட்டார்கள். வாயிலிருந்த குழாய் போய், முகம் முகமாக இருக்கிறது. மீசையைச் சவரம் செய்து எடுத்திருக்கிறார்கள். முப்பத்தி நான்கு வருஷத்தில் மீசையில்லாமல் நான் பார்த்ததே இல்லை. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். நர்ஸ் அழுதுவிட்டாள். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது.

கை சூடாக இருக்கிறது. எனக்கு இவர் வேண்டும். கண் திறக்காவிட்டாலும் வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் இந்தச் சூடு போதும் எனக்கு. இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவருடைய அக்கா அங்கம்மாள் மதினி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். எழுபத்திரண்டு வயது, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கவர் விஷயம் எப்படியோ காதுக்குப் போய்விட்டது. வராந்தாவில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா செங்கமலம், கட்டுனவ நீயே கையெழுத்துப் போட்டியாமே? எங்கூர்ப் பக்கம் கெழடு கட்டைகளுக்கு எண்ணெயத் தேச்சு எளநியக் குடுத்து மேல அனுப்புவாக. போலீசு வந்து புடிச்சுட்டுப் போகும். நீங்க படிச்சவுக, மிசின நிறுத்தி அனுப்புறீக. அதுக்கும் இதுக்கும் என்னாத்தா வித்தியாசம்?"

எனக்கு முன்னால் சுகந்தி பதில் சொன்னாள். "அத்தை, அங்க அந்தப் பெரியவங்ககிட்ட யாருமே கேக்கல. இங்க அப்பாவே கேட்டிருக்கார். அதான் வித்தியாசம்."

"கேட்டா குடுத்துர்றதா? சின்னப்புள்ளையில கெணத்துல குதிப்பேன்னு கேட்டான், நான் விட்டேனா?"

அது நல்ல கேள்விதான். மதினிக்குத் தயிர் சாதம் வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவு நாளில் என் பக்கம் பேசிய ஒரே ஆள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆசிரியர்கள் ஓய்வறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. "கருணைக்கொலை" என்ற வார்த்தையின் வால் மட்டும் காதில் விழுந்தது. யாரோ ஒருத்தியின் மாமனார் கதை என்று சமாளித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். இன்னொருத்தி, சட்டமே அனுமதிக்கிறது என்கிறாள். மூன்றாமவள், சட்டம் அனுமதித்தால் நாளைக்குச் சொத்துக்காக எல்லோரும் ஆரம்பித்துவிடுவார்கள் என்கிறாள். மூன்று பேர் சொன்னதும் சரிதான். வினாத்தாள் கட்டுக்காப்பக அறைக்குப் பூட்டு மாற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பூட்டு மாற்றவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

முதுகில் புண் ஆரம்பித்திருக்கிறது. புரட்டும்போது பார்த்தேன். காய்ச்சல் 102. புது மருந்து ஏற்றுகிறார்கள்.

மாலை சுகந்தி அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ம்மா, பேனா அழுத்துனது பின்பக்கம் தடவுனா தெரியுது. இது ஜெராக்ஸ் இல்லம்மா."

"அப்படியா" என்றேன்.

"ரெண்டாம் பக்கத்துல அப்பா வயசு 61ன்னு எழுதியிருக்கார். அதை அடிச்சிட்டு 62ன்னு போட்டிருக்கு. பச்சை மையில. பக்கத்துல உன் இனிஷியல்."

திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. அதை நான் எல்லா ஆசிரியைகளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தாளைக் கவரில் வைத்துக் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்றாள். ஆரப்பாளையத்தில் நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். கொடைரோட்டில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை.

பிப்ரவரி 22, சனி

சுகந்தி என்னோடு பேசுகிறாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா. அது மட்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பிலவேந்திரன் அண்ணன் இன்றுதான் வந்தார். கண்ணில் புரை ஆபரேஷன். போனைத் தொடக் கூடாதென்று மருமகள் பிடுங்கி வைத்துவிட்டாளாம். சுகந்தி இருபது தடவை அடித்தது அவருக்கு நேற்றுத்தான் தெரிந்திருக்கிறது. சாட்சி போட்ட இன்னொருவர், அவர் மைத்துனர், போன வருஷம் இறந்துவிட்டார்.

கறுப்புக் கண்ணாடியோடு ஐ.சி.யூ.வுக்குள் போய், இவரைப் பார்க்காமல் முதலில் மிஷினைப் பார்த்தார். எண்களைப் படித்தார். வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எல்லாம் மிசினுதான் பண்ணுது தங்கச்சி. அவன் ஒண்ணும் பண்ணல."

கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். சுகந்தி இல்லை, மருந்து வாங்கப் போயிருந்தாள். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு நானும் மச்சானும் உங்க இஸ்கூல் வராந்தாவுல சாட்சிக் கையெழுத்தப் போட்டுட்டு நின்னோம். சிகாமணி வெளிய வந்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வாங்கிப் பாத்தா, நகல்னு சீல் விழுந்திருக்கு. டேய், தங்கச்சி அவசரத்துல மாத்திக் குத்திருச்சு, இது செல்லாது, கோர்ட்டு வாசல்ல நோட்டரி இருக்காரு, பத்து நிமிசத்துல முடிச்சிரலாம் வாடான்னேன். வரமாட்டேனுட்டான்."

"ஏன்?"

"'இருக்கட்டும்டா. அவ கையாலயே இருக்கட்டும். நேரம் வந்தா அவளே சரி பண்ணுவா. பண்ணலேன்னா, சரி, அது அவ சொல்ற பதிலு'ன்னான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஏதோ புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்னு விட்டுட்டேன்."

டீயில் சர்க்கரை அதிகம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பின்னால் ஒருத்தர், "அம்மா, தண்ணி வீணாப் போகுது" என்றார்.

பிப்ரவரி 24, திங்கள்

தலைவலி. அரை நாள் விடுப்பு.

பிப்ரவரி 25, செவ்வாய்

டாக்டருக்கு நானே போன் செய்து, குழுவைக் கூப்பிடுங்கள், கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள் என்றேன். வியாழக்கிழமை காலை பத்து மணி.

கேஸ் சிலிண்டர் வந்தது. இவர்தான் மாட்டுவார். நானே மாட்டினேன், கசிகிறதா என்று சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன். கசியவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

பள்ளிக்கு ஏழு மணிக்கே போய், என் அறையைத் திறந்து, முத்திரை இரண்டையும் மைப்பெட்டியையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். காவலாளி, "என்ன மேடம், பரீட்சை வேலையா?" என்றான். ஆமாம் என்றேன்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் ஜெயசீலனோடு இரண்டு பெரிய டாக்டர்கள், நிர்வாக அதிகாரி, சுகந்தி, பிலவேந்திரன் அண்ணன், மதினி. மதினியை நான்தான் வரச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம்.

டாக்டர் கேட்டார். "மேடம், ஜூன் பன்னெண்டு அன்னிக்கு சார் இதை உங்ககிட்ட குடுத்தப்ப, புரிஞ்சுதான் எழுதியிருக்கார், யாரும் கட்டாயப்படுத்தலன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். இந்த டைரியைத் திருப்பிப் பார்த்தேன். "படிக்கவில்லை" என்று ஒரு இடத்தில்கூட நான் எழுதவில்லை. படித்தால் போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறேன். சாமர்த்தியம்தான். என் டைரியிடமே.

அந்த ஜூன் 12, பள்ளி திறந்த நாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒரு தாள் முடித்துக் கை நீட்டினால் இவர். வெள்ளைச் சட்டை, தலை வாரியிருந்தார். அம்மாக்களோடு அம்மாவாக வரிசையில் நின்று வந்திருக்கிறார்.

"வீட்டுல குடுக்கக் கூடாதா?" என்றேன்.

"வீட்டுல கெஜட்டட் ஆபீசர் கெடையாதே டீச்சர். பொண்டாட்டிதான இருக்கா. அவகிட்ட குடுத்தா கிழிச்சிருவா."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வரி விடவில்லை. ரப்பர் பை வரியை இரண்டு முறை படித்தேன். வயதை ஒன்று குறைத்துப் போட்டிருந்தார். எப்போதும் அப்படித்தான், கேட்டால் பிறந்தநாள் வரட்டும் என்பார், வந்து போயிருக்கும். கை தானாகத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டது.

கிழித்திருக்கலாம். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியாது என்றிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. என் மேசையில் இரண்டு முத்திரை. ஒன்று "உண்மை நகல்". இன்னொன்று "என் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது". ஒன்பது வருஷமாக இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். நகலை எடுத்து ஓங்கிக் குத்தினேன். அசலில் நகல் முத்திரை விழுந்தால் அது எந்த ஆபீசிலும் நிற்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் குத்தினேன்.

அவர் முத்திரையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் லேபிள் படித்துப் பிழைத்த மனிதர். என்னைப் பார்த்தார். "தேங்க்ஸ் டீச்சர்" என்றார். அடுத்தவருக்கு வழிவிட்டார்.

அன்று வீட்டில் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்திருந்தேன், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றே உட்கார்ந்து சண்டை போட்டிருக்க வேண்டும். ஒன்றரை வருஷம் இருந்தது எனக்கு.

நான் சொல்லி முடித்தேன். நிர்வாக அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். இது அசல். என் முன்னிலையில், சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தரப்பட்டது. நகல் முத்திரை தெரிந்தே என்னால் இடப்பட்டது.

அவர் படித்துவிட்டு, "'தவறுதலாக'ன்னு மாத்திருங்க மேடம். இது நாளைக்கு டிபார்ட்மென்ட் கைக்குப் போனா உங்களுக்கு மெமோ வரும். சர்வீஸ் முடியிற நேரம்" என்றார். நல்லவர்தான்.

"வரட்டும்" என்றேன். தெரிந்தே என்பதை அடிக்கவில்லை. மைப்பெட்டியைத் திறந்து, சரியான முத்திரையை எடுத்து, கடிதத்தில் குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்தது. பச்சைப் பேனாவால் கையெழுத்து.

வெளியே வந்ததும் மதினி என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"நான் சம்மதிக்கல செங்கமலம். சாகுற மட்டும் சம்மதிக்க மாட்டேன். ஆனா அவன் எழுதுனது அவன் எழுதுனதுதான். அதுல கை வைக்க எனக்கு உரிமை கெடையாது." பிறகு, "ஒனக்கும் கெடையாது. அன்னிக்கே கெடையாது" என்றார்.

சுகந்தி என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். முத்திரைகள் உள்ளே டக் டக்கென்று இடித்தன.

பிப்ரவரி 28, வெள்ளி

இரண்டாம் குழுவும் பார்த்துவிட்டது. மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போய்விட்டது. நாளை.

மாலை பதினைந்து நிமிஷத்தில் இவரிடம் பேசினேன். திட்டினேன் என்பதுதான் சரி. வரிசையில் வந்து நின்றதற்கு, நோட்டரியிடம் போகாததற்கு, என்னை நம்பியதற்கு. இவ்வளவு நம்பிக்கை வைத்தால் ஒருத்தி என்னதான் செய்வாள். நர்ஸ் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. மீசை கொஞ்சம் முளைத்திருந்தது.

மார்ச் 1, சனி

மதினி நெற்றியில் திருநீறு பூசினார். வலி தெரியாமல் இருக்க முதலில் ஊசி போட்டார்கள். 11.10க்கு மிஷினை எடுத்தார்கள். பிலவேந்திரன் அண்ணன், சத்தம் வரும் முன்னாலேயே அலாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பை என்றால் அங்கேயே நின்றிருக்கும். இவர் நிற்கவில்லை. தானாக மூச்சு விட்டார். சின்னச் சின்ன மூச்சு, விட்டு விட்டு. ஒரு பக்கம் நான், மறு பக்கம் சுகந்தி. 11.52 வரை. நாற்பத்திரண்டு நிமிஷம், மிஷின் இல்லாமல், இவருடைய சொந்த மூச்சு. என் கையில் சூடு அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது.

மார்ச் 3, திங்கள்

இன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. உதவித் தலைமையாசிரியை பார்த்துக்கொள்கிறாள். பூட்டு மாற்றிவிட்டதாகச் சொன்னாள்.

மார்ச் 12, புதன்

மிதவையைச் சரி செய்ய ஆள் வந்தான். புதிது போட வேண்டியதில்லையாம். இவர் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறார், ஒரு திருகாணி மட்டும்தான் முடுக்க வேண்டியிருந்தது.

மார்ச் 19, புதன்

இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. பேங்குக்கு, இவர் கம்பெனிக்கு, எல்.ஐ.சி.க்கு என்று சான்றொப்பமிட்ட நகல் ஆறு வேண்டுமாம். ஆபீஸ் உதவியாளர், "நீங்களே போட்டுக்கலாமே மேடம்" என்றார். சொந்தப் புருஷன் தாளில் நான் போட்டது போதும்.

எங்கள் ஊரில் பச்சை மைக்கு என்னை விட்டால் எல்லோரும் போவது கால்நடை மருத்துவரிடம்தான். போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு ஆடு, வயிறு உப்பிய ஒரு கன்றுக்குட்டி, சாதிச் சான்றிதழோடு ஒரு பெண். நின்றேன். இந்த ஒன்றரை மாதத்தில் நான் அசையாமல் நின்றது இன்றுதான் என்று தோன்றியது.

என் முறை வந்தது. அசலையும் ஆறு நகலையும் வைத்தேன். டாக்டர் இளைஞர், கையில் இன்னும் கன்றுக்குட்டியின் ஈரம். தாளைப் பார்க்காமலேயே முத்திரையை எடுத்தார். உண்மை நகல். முதல் தாளுக்கு மேலே கை போய்விட்டது.

"சார்" என்றேன். "படிச்சிட்டுப் போடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். முத்திரையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அசலை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார். பெயர். தகப்பனார் பெயர். வயது. இறந்த நாள். கணவர் அல்லது மனைவியின் பெயர்.

அந்த வரிக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றுகொண்டு, ஆறு நகலையும் ஒவ்வொன்றாக அசலோடு வைத்துப் படித்தார். பின்னால் ஆடு கத்திக்கொண்டே இருந்தது. நான் காத்திருந்தேன்.